பாதியில் நின்ற நிலாக்கூரை: பிக்கப் டிரக்கின் மூன்ரூஃப் பழுதுக்கு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் ஒரு ஜூன் மாதச் சாயங்காலம். மளிகைக் கடை வாசலில் என் பிக்கப் டிரக்கை நிறுத்திவிட்டு, மூன்ரூஃபை, அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடியை, மூடப் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி பாதி தூரம் வந்தது, 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் வலது பக்கம் முன்னேறி, இடது பக்கம் பின்தங்கி, கண்ணாடி கோணலாக நிற்கிறது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இன்னொரு தடவை அழுத்தினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன், விரல் வலிக்க அழுத்தினால் மோட்டாருக்கு வேகம் கூடிவிடும் என்பதுபோல.

பிறகு பிரித்துப் பார்த்தபோது கதை புரிந்தது. முதல் 'டக்'கில் உடைந்தது சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதற்குப் பிறகு நான் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலும் நன்றாக இருந்த கேபிளைக் கெடுத்திருக்கிறது. துண்டுக்குச் செலவு சில்லறை. கேபிளுக்கு ஆன செலவை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியின் முதல் படி இதுதான்: பொத்தானிலிருந்து கையை எடுங்கள்.

நான் இங்கே பேசுவது அமெரிக்கச் சாலைகளில் ஓடும் முழு அளவு பிக்கப் டிரக்குகளைப் பற்றி. முன் இருக்கைகளுக்கு மேலே ஒரே கண்ணாடியாக இருக்கும் சாதாரண மூன்ரூஃபைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். 2015 மாடல் ஃபோர்டு எஃப்-150யிலும், 2019 மாடல் ராம் 1500இலும், 2022 மாடல் டொயோட்டா டண்ட்ராவிலும் வந்த பனோரமிக் (பின் இருக்கை வரை நீளும்) கூரைகள் அளவில் பெரியவை, பாகங்களும் அதிகம். ஆனால் அடிப்படை ஒன்றே. எங்கே வேறுபடுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். 'மூன்ரூஃப்' என்ற பெயர் 1973இல் ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன் கார்களோடு வந்தது. அதுவரை சன்ரூஃப் என்றால் பெரும்பாலும் தகரம். கண்ணாடி வைத்ததும் நிலாவும் தெரியும் என்று விற்றார்கள். டெக்சாஸ் வெயிலில் பகலில் அதைத் திறக்க முடியாது என்பதால் பெயர் எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம். கூரைக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. பல வண்டிகளில் அது மேலே உள்ள விளக்குப் பெட்டிக்குப் பின்னால், கண்ணாடிக்கு முன்பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் கண்ணாடிக்குப் பின்பக்கம். மோட்டாரின் முனையில் ஒரு பல்சக்கரம். அதன் இரு பக்கமும் இரண்டு எஃகு கேபிள்கள் பல்லோடு பல் சேர்ந்து நிற்கும். இவை சைக்கிள் பிரேக் கேபிள் போல வழவழப்பானவை அல்ல. மேலே திருகுபோலக் கம்பி சுற்றியிருக்கும், அந்தச் சுற்றுதான் பல். பிரேக் கேபிளால் இழுக்க மட்டுமே முடியும். இது தள்ளவும் செய்யும்.

சக்கரம் சுழலும்போது ஒரு கேபிள் இடது டிராக்கில் (தண்டவாளம் போன்ற பள்ளம்) உள்ள ஸ்லைடரையும் (அதில் வழுக்கி ஓடும் தாங்கி), இன்னொன்று வலது டிராக்கில் உள்ள ஸ்லைடரையும் ஒரே வேகத்தில் நகர்த்துகின்றன. இரண்டு ஸ்லைடர்களும் சேர்ந்து கண்ணாடியைச் சுமக்கின்றன. ஏர் கட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்று மற்றொன்று நடந்தால் ஏர் திரும்பிக்கொள்ளும். கண்ணாடி கோணலாக நின்றால் ஒரு பக்கத்து மாடு படுத்துவிட்டது என்று அர்த்தம். மோட்டாரைக் குறை சொல்வதில் பயனில்லை.

மோட்டாருக்குள் ஒரு உணரி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு இந்தக் கணக்கு வழியாக மட்டுமே தெரியும், கண்ணால் பார்த்து அல்ல. கணக்கு தவறினால் கண்ணாடி மூடி முடித்தபின் தானாகத் திறந்துகொள்ளும், பாதியில் நிற்கும், துளித்துளியாக நகரும். இது உடைசல் இல்லை, மறதி. விரலோ தலையோ அகப்பட்டால் கண்ணாடி தானே பின்வாங்குவதற்கும் இதே உணரிதான் காரணம். தானே பின்வாங்கும் அமைப்புக்கு அமெரிக்கக் கூட்டரசின் 118ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 100 நியூட்டன் என்று எல்லை வைத்திருக்கிறது. கிட்டத்தட்டப் பத்து கிலோ எடை கொடுக்கும் அழுத்தம். டிராக்கில் மண்ணும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து இழுவை கூடினால், வண்டி அதையும் யாரோ அகப்பட்டதாக எண்ணிக் கண்ணாடியைத் திருப்பி அனுப்பிவிடும்.

மழை வருவதற்குள் மூடுவது

திறந்த நிலையில் நின்றுவிட்டதா? காரணம் தேடுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், இன்று மூட வேண்டும். கண்ணாடி நேராக இருக்கிறதா, கோணலா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

நேராக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு (திறந்த வெளியில்), ஒரே ஒரு முறை, மூடும் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் பிடியுங்கள். பல வண்டிகளில் இது மெதுவாக மூடும் அவசர முறையைத் தொடங்கிவைக்கும். கூடவே இன்னொருவர் கண்ணாடியின் பின் விளிம்பை இரண்டு உள்ளங்கைகளாலும் முன்னோக்கி மெல்லத் தள்ளலாம். விரல்களை விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே மட்டும் வைத்துவிடக் கூடாது, ஏனென்றால் இந்த முறையில் பின்வாங்கும் பாதுகாப்பு வேலை செய்யாமல் இருக்கலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் கையால் மூடும் வழி. மேலே உள்ள விளக்குப் பெட்டியைக் கழற்றினால் பல மோட்டார்களின் நடுவே அறுகோணக் குழி ஒன்று தெரியும். வண்டியோடு வந்த ஆலன் கீயோ, நான்கு அல்லது ஐந்து மி.மீ. கீயோ அதில் பொருந்தும். அதைத் திருப்பத் திருப்பக் கண்ணாடி மயிரிழை மயிரிழையாக நகரும். கை ஓய்ந்துவிடும், பொறுமை வேண்டும். குழி இல்லாத மோட்டார் என்றால் அதைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூக்களையும் எடுத்து மோட்டாரை இறக்கிவிடுங்கள். பல்சக்கரத்தின் பிடி போனதும் கேபிள்கள் தளர்ந்து, கண்ணாடியை இரண்டு கையாலும் சமமாகத் தள்ளி மூட முடியும். சமமாக என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

கோணலாக இருந்தால் மோட்டாரை இயக்கவே வேண்டாம். மோட்டாரை இறக்கிவிட்டு, முன்னேறி நிற்கும் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியை நேராக்கி, அப்புறம் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக நகர்த்தப் பாருங்கள். உடைந்த துண்டு டிராக்கில் சிக்கியிருந்தால் குறடால் எடுத்துவிட்டுத் தள்ள வேண்டும். எடுத்த துண்டைக் குப்பையில் போடாதீர்கள். பின்னால் எந்தப் பாகம் வாங்க வேண்டும் என்று அதுதான் சொல்லும்.

எதுவும் நடக்கவில்லையா? சரி, போர்த்துங்கள். கெட்டியான பாலிதீன் தாளைக் கூரையின் அகலத்துக்கு வெட்டி, கூரையைத் துடைத்துக் காயவைத்து, நான்கு பக்கமும் ஒட்டுங்கள். முன் விளிம்புக்கு மட்டும் டேப்பை இரண்டு வரிசை ஒட்டுங்கள். நெடுஞ்சாலையில் காற்று அந்த விளிம்புக்கு அடியில் புகுந்தால் மொத்தத் தாளும் பட்டமாகிவிடும். சாம்பல் நிற டக்ட் டேப் வெயிலில் பசையைப் பெயிண்டிலேயே விட்டுவிட்டுப் போகும். பெயிண்டர்கள் ஒட்டும் நீல டேப்பை அடியில் ஒட்டி, அதன் மேல் டக்ட் டேப்பை ஒட்டினால் பெயிண்ட் தப்பிக்கும். கண்ணாடி கையால் தொட்டால் ஆடுகிறது என்றால் வேகமாக ஓட்டவே கூடாது. பின்னால் வருகிறவர் மேல் பறந்து விழும் பொருள் அது.

சத்தத்தைக் கேளுங்கள்

மூடியாயிற்று. இப்போது காரணம். மூன்ரூஃபைப் பொறுத்தவரை காது நல்ல கருவி. வண்டியின் ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அரை விநாடி மட்டும் பொத்தானைத் தொட்டு விடுங்கள்.

எந்தச் சத்தமும் இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை: ஃபியூஸ், பொத்தான், வயர், அல்லது மோட்டாரே. 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றால் மின்சாரம் வருகிறது, எதுவோ இறுகிப் பிடித்திருக்கிறது. மோட்டார் சுதந்திரமாகச் சுழலும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிளின் பல்லோ சக்கரத்தின் பல்லோ தேய்ந்துவிட்டது. 'கடகட' என்று பல் தாண்டும் சத்தமும் அதே வகைதான், ஆனால் அதற்குமேல் ஒரு தடவைகூட அழுத்த வேண்டாம். மூடி முடித்துத் தானே திறந்தால் கணக்கு தவறியிருக்கிறது அல்லது டிராக்கில் இழுவை இருக்கிறது.

இதோடு ஒரு எளிய சோதனை. இரவில் உள்விளக்கைப் போட்டுவிட்டு எஞ்சின் ஓடாமல் பொத்தானைத் தொடுங்கள். விளக்கு ஒரு கணம் மங்கினால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, சுழலத்தான் முடியவில்லை. மங்கவே இல்லை என்றால் மோட்டார் வரை மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். மல்டிமீட்டர் இல்லாதவருக்கு இது போதும்.

மின்சாரப் பக்கம்

இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை, ஆனால் தாண்டிப் போகவும் கூடாது. பேட்டரி நிறைவாக இருந்தால் 12.6 வோல்ட் காட்டும். 12.2க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். எஞ்சினை அணைத்தபின் கொஞ்ச நேரம் மூன்ரூஃப் வேலை செய்யும், முன்கதவைத் திறந்ததும் அந்த அனுமதி போய்விடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஓடவில்லை' என்று மோட்டார் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஃபியூஸ் எங்கே என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். எஃப்-150யில் உள்ளறை ஃபியூஸ் பெட்டி முன் பயணியின் வலது காலருகே, பக்கச் சுவரில் இருக்கிறது. ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவில் புதியது போடுங்கள். பெரியது போட்டால் ஃபியூஸ் தப்பிக்கும், வயர் எரியும். போட்ட உடனே மறுபடி போனால், இறுகிய டிராக்கோ உரசிய வயரோ இருக்கிறது. மூன்றாவது ஃபியூஸ் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டிகளில் மோட்டாருக்கு இரண்டே வயர். அதைக் கழற்றி 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பார்க்கலாம், வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுழலும். புதிய வண்டிகளில் மோட்டாரோடு கட்டுப்பாட்டுப் பலகையும் ஒன்றாக ஒட்டியிருக்கும், நாலைந்து வயர் போகும். அதில் நேரடி மின்சாரம் கொடுத்தால் பலகை எரிந்துபோகும். வயரை எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

மறந்த கணக்கை நினைவூட்டுவது

பேட்டரியைக் கழற்றி மாட்டியபின், அல்லது கையால் மூடியபின் கூரை கிறுக்குப் பிடித்ததுபோல நடந்துகொண்டால் இதை முதலில் செய்யுங்கள். முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பொதுவான போக்கு இப்படி இருக்கும்: எஞ்சின் ஓடட்டும். மூடும் பொத்தானையோ சாய்க்கும் பொத்தானையோ விடாமல் பிடியுங்கள். கண்ணாடி கொஞ்சம் நகர்ந்து நிற்கும், அப்போதும் விரலை எடுக்காதீர்கள். சில விநாடி கழித்துத் தானே முழுதாகத் திறந்து முழுதாக மூடும். அது முடியும்வரை பிடித்திருந்தால்தான் எல்லை இரண்டும் அதன் நினைவில் பதியும். நடுவில் விரலை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழந்தைகளைக் கீழே இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: டிராக் இறுகியிருக்கும்போது இதைச் செய்தால், இறுகிய இடத்தையே எல்லை என்று எண்ணிக்கொள்ளும். அதனால் இழுவை இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அடுத்த படியை முடித்துவிட்டு வாருங்கள்.

சுத்தம், கிரீஸ்

எனக்குத் தெரிந்து, உடைவதற்கு முன்பே கவனித்த மூன்ரூஃப்களில் பெரும்பாலானவை இந்தப் படியிலேயே சரியாகிவிடும். இது இலவசம் என்பதால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

கூரையைத் திறந்து, இரண்டு டிராக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக, மண் கலந்த பசை இருக்கும். காய்ந்த இலைத் துணுக்கு, ஊசியிலை, சில சமயம் குளவிக் கூடு. வேக்கம் கிளீனரின் குறுகிய முனையால் முதலில் உலர்ந்ததை உறிஞ்சுங்கள். பிறகு பழைய பல்துலக்கியும் துணியும் கொண்டு பழைய கிரீஸைத் துடைத்தெடுங்கள். துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுக்கொள்ளலாம். டிராக்கிற்குள் நேராக ஊற்றவோ பீய்ச்சவோ வேண்டாம்.

டபிள்யூடி-40 டப்பாவை எடுக்கக் கை துடிக்கும். அதன் முதல் வேலை ஈரத்தை விரட்டுவதும் துருவை இளக்குவதும். டிராக்கில் நிலைத்து நிற்கிற கிரீஸின் வேலையை அது செய்யாது. இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டு, சில வாரங்களில் டிராக்கைக் காயவைத்துவிடும். உலோக டிராக்கில் பிளாஸ்டிக் ஸ்லைடர் ஓடும் இடத்துக்குப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதிய செயற்கை கிரீஸை மெல்லிய பூச்சாகப் போடுங்கள். நிறைய அப்பினால் அடுத்த மாதமே மண்ணைச் சேர்த்துக்கொண்டு மாவாகிவிடும். சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். உப்பிய பீடிங் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடி திரும்பி ஓடும், நீங்கள் மறுபடி மோட்டாரைச் சந்தேகிப்பீர்கள்.

கண்ணாடியைக் கழற்றுவது

கோணலாக நின்றதற்கும் 'டக்' சத்தத்துக்கும் இதைத் தவிர வழியில்லை. டார்க்ஸ் (நட்சத்திர முனை) கீ செட் வேண்டும், பல வண்டிகளில் டி25 பொருந்தும். கூடவே இன்னொரு ஆள்.

பிக்கப்பில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. தொல்லை, கூரையின் உயரம். தரையில் நின்று எட்டாது. வசதி, பின்னால் உள்ள சரக்குத் தொட்டி. ஒருவர் அதில் ஏறி நின்றுகொண்டால் கூரையின் பின்பாதி அவர் நெஞ்சுக்கு நேராக வந்துவிடும். இன்னொருவர் மடக்கு ஏணியில் பக்கவாட்டில் நிற்கலாம். கூரையின் மேல் பழைய போர்வையை விரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கண்ணாடியை மூடிய நிலையில் வைத்து, உள்ளே வெயில் மறைக்கும் ஷேடைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கண்ணாடியின் இரு பக்கமும் நீளமான பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும், அதை மெல்ல நெம்பி எடுத்தால் ஸ்க்ரூக்கள் தெரியும். பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ. அவற்றைத் தளர்த்துவதற்கு முன் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் மார்க்கரால் கோடு போடுங்கள், கைபேசியில் படமும் எடுங்கள். துளைகள் நீள்வட்டமாக இருப்பதால் கண்ணாடி இரண்டு மூன்று மி.மீ. மேலும் கீழும் நகரும். பழைய இடம் தெரியாவிட்டால் கடைசியில் அரை நாள் போய்விடும். ஸ்க்ரூக்கள் வந்ததும் ஒருவர் உள்ளிருந்து தூக்கிக் கொடுக்க, மேலிருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும். கண்ணாடியை விளிம்பில் நிறுத்தாமல் போர்வையில் படுக்கவையுங்கள். டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி நடுவில் அடி தாங்கும், மூலையில் ஒரு தட்டுத் தாங்காது.

இப்போது எல்லாம் கண்முன் தெரியும். இரண்டு ஸ்லைடரையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாருங்கள், உடைந்தது எது என்று கேட்கவே வேண்டாம், நல்ல பக்கம் சொல்லிவிடும். ஸ்லைடரின் பிளாஸ்டிக் காலணி, கண்ணாடியை உயர்த்தும் கையின் முளை, கேபிள் ஸ்லைடரோடு சேரும் முனை: இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் உடைகிறது. முன்னால் எழும்பும் காற்றுத் தடுப்பின் கை கழன்று டிராக்கில் விழுந்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். அதையும் பாருங்கள், சந்தோஷப்படக்கூடிய பழுது அது ஒன்றுதான்.

பல வண்டிகளுக்கு இந்தச் சின்னப் பாகங்கள் தனியாக, வெளிநிறுவனத் தயாரிப்பாகக் கிடைக்கின்றன. வண்டி நிறுவனத்தின் பணிமனையில் கேட்டால் டிராக், கேபிள் எல்லாம் சேர்ந்த மொத்தக் கூட்டையும் மாற்ற வேண்டும் என்பார்கள். அவர்களுக்குப் பாகப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது, ஏமாற்றுவதாக எண்ண வேண்டாம். என்னிடமும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள். விலையைக் கேட்ட நண்பன் "மச்சான், இதுக்கு நிலாவுக்கே டிக்கெட் எடுத்துடலாம்" என்றான்.

மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது

இந்த ஒரு இடத்தில் தவறினால் செய்த வேலை முழுதும் வீண். மோட்டார் வெளியே இருக்கும்போது இரண்டு ஸ்லைடர்களும் தனித்தனியாக நகரும். இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் பல்சக்கரத்தைக் கேபிள்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும். டிராக்கின் முன்முனையிலிருந்து ஒவ்வொரு ஸ்லைடருக்கும் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு பல் வித்தியாசம் இருந்தாலும் கண்ணாடி ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் இடித்துக்கொண்டே மூடும், சில மாதத்தில் அதே பிளாஸ்டிக் மறுபடி உடையும்.

கண்ணாடியைப் பொருத்தும்போது ஸ்க்ரூக்களை முதலில் பாதி மட்டும் இறுக்குங்கள். விரலை நனைத்துக் கூரையிலிருந்து கண்ணாடிக்கு இழுத்தால் படி இருக்கிறதா என்று தெரியும். முன்விளிம்பு கூரையைவிட ஒரு மயிரிழை தாழ்ந்தும், பின்விளிம்பு சமமாகவோ ஒரு மயிரிழை உயர்ந்தும் இருக்கட்டும். முன்னால் தூக்கியிருந்தால் அறுபது மைல் வேகத்தில் விசில் அடிக்கும். சரியாக அமைந்தபின் முழுதாக இறுக்கி, கணக்கை நினைவூட்டும் படியைச் செய்யுங்கள்.

ஹெட்லைனரை இறக்குவது பற்றி

கேபிள், டிராக், மொத்தக் கூடு ஆகியவற்றை மாற்ற ஹெட்லைனரை, அதாவது கூரையின் உட்புறத் துணிப்பலகையை, இறக்க வேண்டும். இங்கே நான் கையை விரித்துவிடுவேன். கூரையின் இரு ஓரத்திலும் திரைபோல விரியும் ஏர்பேக்குகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் அவற்றின் அருகே வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. அதோடு பிக்கப்பின் கேபினுக்குப் பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது, அந்தப் பெரிய பலகையைப் பக்கக் கதவு வழியாகத்தான் வளைக்காமல் வெளியே எடுக்க வேண்டும். ஒரு மடிப்பு விழுந்தால் காலத்துக்கும் தெரியும். பனோரமிக் கூரையில் பெரும்பாலான பழுதுகள் இந்த நிலைக்கு வந்துவிடும் என்பதுதான் அதன் வருத்தம். இதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தண்ணீர் ஒழுகினால்

மூன்ரூஃப் ஒழுகுகிறது என்றதும் பீடிங்கில் சிலிக்கோன் பசையைத் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பீடிங் தண்ணீரை முழுதாகத் தடுக்க வைத்ததே இல்லை. கொஞ்சம் உள்ளே வரும் என்று தெரிந்துதான் கண்ணாடியைச் சுற்றி வாய்க்கால் வைத்து, மூலைகளில் வடிகுழாய் வைத்திருக்கிறார்கள். முன்குழாய்கள் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள் வழியாகவும், பின்குழாய்கள் கேபினின் பின்தூண்கள் வழியாகவும் கீழே போகும். நம் ஓட்டு வீட்டில் தாழ்வாரத் தகரத்தில் வேப்பிலை அடைத்தால் தண்ணீர் திண்ணையில் விழும் அல்லவா, அதேதான்.

சோதிக்க, கூரையைத் திறந்து ஒரு மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தப் பக்கம் வண்டிக்குக் கீழே சொட்டத் தொடங்கினால் குழாய் நன்றாக இருக்கிறது. வாய்க்காலிலேயே தேங்கினால் அடைப்பு. வாய்க்கால் வடிந்தும் கீழே வரவில்லை என்றால் குழாய் உள்ளே எங்கோ கழன்றிருக்கிறது, தண்ணீர் உங்கள் கம்பளத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

அடைப்பை எடுக்க, புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு அருமையான கருவி. முனையை லைட்டரால் லேசாக உருட்டி, மெல்ல உள்ளே விட்டு எடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழிக்கும். கம்பிரெஸர் காற்றைப் பலமாக அடித்தால் குழாய் மேல்முனையில் கழன்றுகொள்ளும், அப்புறம் ஹெட்லைனரை இறக்கித்தான் மாட்ட வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

குழாய் நான்கும் நன்றாக இருந்தும் கேபின் நனைகிறதா? மூன்ரூஃபை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். கேபினின் பின்பக்கம், கூரையை ஒட்டி மூன்றாவது பிரேக் விளக்கு இருக்கிறது. 1994 மாடல் ஆண்டிலிருந்து இலகு டிரக்குகளுக்குக் கட்டாயமானது. அதன் ரப்பர் காய்ந்தால் தண்ணீர் ஹெட்லைனருக்குள் இறங்கி முன்னால் வந்து சொட்டும், பழி மூன்ரூஃப் மேல் விழும். பின்னால் உள்ள நகரும் ஜன்னலின் சட்டமும் இதே வேலையைச் செய்யும். தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக, ஒரு இடத்துக்கு ஐந்து நிமிடம் என்று ஊற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவார்.

கண்ணாடியே நொறுங்கிவிட்டால்

மோட்டாரைத் தொடாதீர்கள். டெம்பர்டு கண்ணாடி கற்கண்டுபோல உதிரும், அந்தத் துண்டுகள் டிராக்கில் இருக்கும்போது ஸ்லைடர் நகர்ந்தால் அதுவும் போய்விடும். படம் எடுத்துவிட்டு வேக்கம் போடுங்கள். ஆலங்கட்டி, கல் ஆகியவற்றால் உடைந்ததைக் காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு (மோதல் அல்லாத சேதத்துக்கானது) வழக்கமாக ஏற்கும், நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு போக. பொறிப் பழுதை ஏற்காது.

செலவழிப்பதற்கு முன்

வண்டி புதிது என்றால் உத்தரவாதத்தைப் பாருங்கள். ஃபோர்டு, ஷெவர்லே, ராம் மூன்றுக்கும் பொது உத்தரவாதம் 3 ஆண்டு அல்லது 36,000 மைல். முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில் உள்ள 17 எழுத்து வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கூட்டரசு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டால் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் இலவசம். பழைய வண்டிக் காயலான்கடையில் முழுக் கூட்டையும் வாங்குவதாக இருந்தால் ஆண்டு மட்டும் பொருந்தினால் போதாது, கேபின் வகையும் பொருந்த வேண்டும். வாங்குவதற்கு முன் இரண்டு கேபிளையும் கையால் தள்ளிப் பாருங்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு: மூடிய நிலையில் சரியாக நிறுத்தி, மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அப்படியே விட்டுவிடுவது. வண்டிக்குப் பதினைந்து வயது ஆகி, நிலாவும் அலுத்துவிட்டது என்றால் இது கௌரவமான முடிவுதான். வடிகுழாயை மட்டும் வருடத்துக்கு இருமுறை பார்க்க வேண்டும், ஓடாத மூன்ரூஃபுக்கும் மழை உண்டு.

நான் சரிசெய்துதான் வைத்திருக்கிறேன். வேலை முடிந்த அன்று இரவு, பீடிங்கின் உட்புறம் நான்கு மூலையிலும் ஒரு துண்டு டிஷ்யூ தாள் ஒட்டிவைத்தேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மறுநாள் தண்ணீர் அடித்துப் பார்த்தபோது மூன்று தாள் உலர்ந்திருந்தன. நான்காவது, வலது பின்மூலை, ஈரம். அந்தப் பக்கத்து ஸ்க்ரூவை அரை மி.மீ. உயர்த்தி இறுக்கினேன். அடுத்த இரவும் தாள் ஒட்டினேன்.

நான்கும் உலர்ந்திருந்தன.